ஒரு சாண்

தீபாவளிக்கு முதல்நாள்
மத்திய வீதிக்கு மான்கள் மட்டும் வந்திருந்தன.
பழக்கடை வாசலில் இரண்டு,
வங்கிப் படியில் ஒன்று,
நகைக்கடைப் பூட்டை மோந்துவிட்டு
விலை பிடிக்காததுபோல் நகர்ந்த பிணை ஒன்று.

ஹர்த்தால்.
எதற்கென்று துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்தார்கள்.
வாசித்தேன். நியாயம்தான்.
நியாயம்தான் என்று மடித்துக்
கைப்பைக்குள் வைக்கப் போனால்
அங்கே சீட்டுக்காசு உறை, வெறுமையாய்.

நூறு ரூபாய்க்கு விற்றால் ஒரு ரூபாய் எங்களுக்கு.
வருசம் முழுக்க நின்ற கால்களுக்கு
இந்த ஒரு நாள்தான் பதில் சொல்லும்.
போன வருசம் இதே நாள்
மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்க
இரவு ஏழு மணி.
கறி புளித்திருந்தது.
சேலைக் குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்து
நானும் ஜெசிந்தாவும்
ஏனென்று தெரியாமல் சிரித்துச் சிரித்துத் தின்றோம்.

இன்றைக்கு முதலாளி றிபாய்தீன்
பின்கதவால் வரச்சொன்னார்.
ஸ்டொக் எடுக்கவாம்.
லைட் போடக்கூடாது, ரேடியோ கூடாது,
எண்ணும்போது வாய் திறக்கக்கூடாது.
போன் வெளிச்சத்தில்
எங்கள் கடைக்குள்ளேயே களவெடுக்க வந்தவர்கள்போல்
விரலால் காட்டிக்கொண்டோம்:
பிள்ளைகள் சட்டை, இருபத்திநாலாம் சைஸ், பதினொன்று.
நேற்றுத்தான் உடுப்பு மாற்றிய பொம்மைகள்
ஷட்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றன.

காற்றுக்கென்று ஒரு சாண் தூக்கி வைத்திருந்தோம்.
அந்த ஒரு சாணுக்குள்தான்
காலையிலிருந்து திருகோணமலை:
மான்குளம்பு.
பொலிஸ் சப்பாத்து, இரண்டு சோடி.
சைக்கிள் டயர்.
நெடுநேரம் வெறும் வெயில்.
பிறகு ஒரு ரப்பர் செருப்பு,
இடது குதிக்காலில் உப்பு வெடிப்பு.
தட்டவில்லை. போகவும் இல்லை.

நான்தான் குனிந்தேன்.
அந்தப் பக்கம் அவரும் குனிந்தார்.
ஆளுக்கொரு கன்னம் சிமெந்தில் பட
இரண்டு தலைகள் பார்த்துக்கொண்டோம்.

"தங்கச்சி, மூதூரால வாறன்.
பஸ் இல்ல, மீன் லொறியில ஏறினனான்.
பிள்ளைக்கு ஒரு சட்டை."
"எத்தின வயசு?"
"ஏழு. ஆனா ஏழு மாதிரி இல்ல."
வலை பொத்துகிற பச்சை நூலொன்று
ஷட்டருக்குக் கீழால் வந்தது, இரண்டு முடிச்சோடு.
"கிட்ட இருக்கிற முடிச்சு நெஞ்சு,
தூர இருக்கிறது நீளம்.
அவ பொக்கற் வைச்சது கேட்டவ."

முதலாளியைப் பார்த்தேன்.
அவர் கூரையைப் பார்த்தார்.
கல் விழுந்தால் கண்ணாடிக்கு யார் காசு தருவார் என்று
காலையில் கேட்டவர்.
"நாங்க கடை திறக்கல்ல" என்றார் மெதுவாக.
கொஞ்சம் பொறுத்து,
"நாளை மறுநாள் திகதி போட்டு பில் எழுது."
விலை குறைக்கவில்லை.

பதினொன்றில் ஒன்றுக்குத்தான் பொக்கற் இருந்தது.
போன வருசத்து மஞ்சள், யாரும் எடுக்காதது.
நூலை வைத்துப் பார்த்தேன்: நெஞ்சு சரி,
நீளம் இரண்டு விரல் கூட.
அவர் தொட்டுப் பார்த்தார், விரலைப்
பொக்கற்றுக்குள் விட்டுப் பார்த்தார்,
வேறு ஒன்றும் பார்க்கவில்லை.
ஆயிரத்து எண்ணூற்றைம்பது
ஈரமாய், செதில் வாசத்தோடு உள்ளே வந்தது.
பதினெட்டரை ரூபாய் எனக்கு.

நாலு மணிக்குப் புதிதாய்க் கால்கள்:
குதி உயர்ந்த செருப்பொன்று,
அதன் பக்கத்தில் மருதாணி போட்ட சின்னக்கால்,
பின்னால் இன்னும் இரண்டு மூன்று சோடி.
கேள்விப்பட்டுத்தான் வந்திருப்பார்கள்.
முதலாளி கையைக் கீழே அசைத்தார்.

இறக்கினேன்.
இரும்பு தரையைத் தொட்ட பிறகும்
வெளியே யாரும் நகரும் சத்தமில்லை.
ஒரு பிள்ளை ஏதோ கேட்டது,
ஒரு பெண் "ஸ்ஸ்" என்றாள்.
பச்சை நூல் என் சுட்டுவிரலில் சுற்றியபடி;
திருப்பிக் கொடுக்க மறந்துபோனேன்,
அவரும் கேட்கவில்லை.

ஜெசிந்தா போனை உயர்த்திப் பிடித்தாள்.
திரும்ப முதலிலிருந்து.
பிள்ளைகள் சட்டை, இருபத்திநாலாம் சைஸ்.
பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.