பத்துச் செக்கன்

திருநெல்வேலி ஆய்வுகூடத்தின் மூன்றாம் அறையில்
எனக்குச் சம்பளம் ஈ எண்ணுவதற்கு.
பழ ஈ. ஒரு குழாய்க்கு இருபது.
மேசையில் இரண்டு தட்டுத் தட்ட
எல்லாம் அடியில் விழும்.
சுகமான ஈ உடனே சுவரில் ஏறும்.
கோடு தாண்டப் பத்துச் செக்கன்.

நஞ்சு தின்றவை ஏறா.
கால் நடுங்கும், பாதியில் நிற்கும்,
எங்கே போகப் புறப்பட்டோம் என்று
மறந்தாற்போல.

நஞ்சோடு வல்லாரைச் சாறும் தின்றவை
நேற்று இருபதில் பதின்மூன்று ஏறின.
கலாநிதி ஆரபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.
"ஈ மனுசன் இல்லை, யோகமலர்.
சந்தோசத்தை இப்போதைக்குப் பென்சிலாலை எழுதுங்கோ."

பின்னேரம் சிறுப்பிட்டி.
அவர் கதிரையில் இருக்கிறார்.
வலது பெருவிரலும் சுட்டுவிரலும்
இல்லாத காசை எண்ணிக்கொண்டிருக்கின்றன.
எழும்புங்கோ, தேத்தண்ணி ஆறுது என்கிறேன்.
ஒன்று, இரண்டு...
பதினேழில் நிமிர்கிறார்.
குளிசை போட்டு ஒரு மணித்தியாலம் போனால் ஒன்பது.
நான் எண்ணுவது அவருக்குத் தெரியாது.

இருபத்தாறு வருசம் வெங்காயத்துக்கு அடித்தார்,
முதுகில் தாங்கி, வாயில் சாரத்துண்டு,
காற்றுக்கு எதிரே.
எங்கை அவர் என்று யாரும் கேட்டால்
"தோட்டத்திலை, மருந்தடிக்கிறார்."
மருந்து என்றுதான் சொன்னோம்.
குளிசைக்கும் அதே சொல்.

அதுதான் காரணம் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை.
இருக்கலாம் என்றார்கள்.
இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள்.

கிணற்றடியில் வல்லாரை களை மாதிரிக் கிடக்கிறது.
அந்த இருபத்தாறு வருசமும்
தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய்ப்புளி விட்டு
சம்பல் போட்டுக் கொடுத்தேன்.
மிச்சம் வையாமல் சாப்பிட்ட மனுசன்.
இதை எந்தக் குழாயின் கணக்கில் எழுத?
சம்பல் இல்லாவிட்டால் நடுக்கம்
பத்து வருசம் முந்தி வந்திருக்குமோ?
சொல்வதற்கு
இன்னொரு தில்லையம்பலம் வேண்டும்,
அதே தோட்டம், அதே காற்று,
வல்லாரை வாயில் வையாத தில்லையம்பலம்.
எனக்கு ஒருவர்தான்.

இன்றைக்கும் ஒரு பிடி பிடுங்கி அரிகிறேன்.
அவருக்கு விருப்பம்.
கோப்பை வாய்க்குப் போகும் வழியில்
தேத்தண்ணி மேசையில் சிந்துகிறது.
எங்கிருந்தோ ஒரு பழ ஈ வந்து அதில் இருக்கிறது.
கையை ஓங்குகிறேன்.
எழும்பிச் சுவரில் ஒட்டி
மேலே மேலே ஏறிப் போகிறது.
நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நாலு செக்கன்.