அரை வினாடி பின்னால்

எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.
கிராட்ஸ் நகரின் விளிம்பில், ஆப்பிள் கிடங்குக்குப் பின்புறம்,
லாய்ட்னர் அதைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்:
எண்பத்தாறாம் வருடத்துப் போர்ஷே, 944 டர்போ,
நனைந்த கருங்கல்லின் நிறம்.
நான் முதலில் செய்தது
பானட்டின் மேல் உள்ளங்கை வைத்ததுதான்.

சூடு.

குளிரில் முரண்டு பிடிக்கும் என்ஜினை
நான் வருமுன்பே எழுப்பி வைத்திருக்கிறார்.
"வெயில்" என்றார்.
நவம்பர் மாதத்தில்.

நான் மாரிபோர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவள்.
காதில் ஜெர்மன், வாயில் ஸ்லோவேனியம்;
சில நாள் அதுவே தலைகீழாக.
இரண்டுக்கும் நடுவே ஓர் அரை வினாடி,
இருபத்தோரு வருடமாக நான் குடியிருக்கும் அறை.
அங்கிருந்து பார்த்தால் தெரியும்,
பொய் சொல்கிறவர் வினைச்சொல்லுக்கு வருமுன்
ஒருமுறை மூச்சை இழுப்பார்.

"டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள்?"

இழுத்தார்.
பதினான்காயிரம் யூரோ பதினொன்றரை ஆயிற்று.

எல்லை தாண்டியதும் மூன்றாம் கியரில் மிதித்தேன்.
ஒன்றுமில்லை.
ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கப்
போதுமான அளவு ஒன்றுமில்லை.
பிறகு எங்கோ ஒரு சக்கரம் மூச்சு நிரம்பிச் சுழன்று
முதுகில் கை வைத்துத் தள்ளியது
திராட்சைச் சரிவுகளை இரண்டு பக்கமும் கிழித்துக்கொண்டு.
நான் போட்ட கூச்சல் எந்த மொழி என்று தெரியவில்லை.

"அந்தப் பணத்தில் சமையலறைக் கூரையை மாற்றியிருக்கலாம்"
என்றாள் தங்கை நிவெஸ்.
மாற்றியிருக்கலாம்தான்.
மழைக்கு இன்னும் அதே வாளி.

தேஸ்னோவில், ஒரு காலத்தில் லாரி செய்த கொட்டகையில்
ஓஜ்பேய் பெல்ட்டைக் கழற்றி என் கையில் போட்டான்.
பல்லுக்குப் பல் வெடிப்பு.
அறுந்திருந்தால் வால்வும் பிஸ்டனும்
முகத்தோடு முகம் மோதியிருக்கும்.
அவன் அதைச் சொல்லவில்லை.
இரண்டு முஷ்டிகளை முட்டிக் காட்டினான், அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சம்பளம்
பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது.
வேஸ்ட்கேட், கிளட்ச், சிப்,
கட்டை விரல் தடிமனில் சிலிக்கான் குழாய்கள்.
அழுத்தம் ஒரு பாருக்கு ஏறியது.
மூட மறுத்த இடது விளக்கின் இமையை மட்டும்
சரிசெய்ய வேண்டாம் என்றேன்.
போஹோர்யே மலைப்பாதையில் ஒரு குழாய் கழன்று
பீரங்கி வெடித்தது போலச் சத்தம்.
பனியில் முழந்தாளிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு,
நீதிமன்றக் கோட்டில் கிரீஸ்.

மார்ச்சில் ஓஜ்பேய் புதிய டர்போ பொருத்தினான்.
பால் பேரிங். தாமதமே கிடையாது என்றான்.
கிடையாதுதான்.
நினைக்குமுன் பாய்ந்தது;
கேள்வி முடியுமுன்னே பதில் சொல்லும்
தயாரித்து அனுப்பப்பட்ட சாட்சியைப் போல.

ஏப்ரலில் ஒரு தீர்ப்பு.
கிளாகன்ஃபுர்ட்டிலிருந்து வந்த பையன், வயது இருபது,
பச்சை ஸ்வெட்டர்.
நீதிபதி "நான்கு ஆண்டுகள்" என்று முடித்துவிட்டார்.
அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது,
அவனைத் தவிர.
அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
கொஞ்சம் சிரித்தபடி.
அந்த அரை வினாடியை
என்னால் முடிந்த மட்டும் நீட்டினேன்.

ஜூனில் பழைய டர்போவையே மாட்டச் சொன்னேன்.
"இதை ஒழிக்கத்தான் எல்லோரும் காசு கொடுக்கிறார்கள்"
என்று தலையைச் சொறிந்தான் ஓஜ்பேய்.
இரண்டு தடவைக் கூலியும் வாங்கிக்கொண்டான்.

இப்போது வேலை முடிந்து வந்து
வாசலில் சாவியைத் திருப்பி அணைக்கிறேன்.
என்ஜின் நின்றுவிடுகிறது.
இடது கண் பாதி திறந்தே இருக்கிறது.
உள்ளே ஒரு சின்ன மின்பம்ப் மட்டும்
சூடேறிய டர்போவுக்குத் தண்ணீர் அனுப்பியபடி
முப்பது வினாடி முனகுகிறது,
பேசியவர் உட்கார்ந்த பிறகும்
எனக்கு மிச்சமிருக்கும் வாக்கியம் போல.

அது முடியும்வரை இறங்குவதில்லை.