சங்காயப் பேரேடு

படகு கரை அணையும் சனி விடியலில்
என் கையில் இரண்டு நோட்டு.
ஒன்று பெயருள்ள மீனுக்கு:
இறால், நண்டு, கணவாய், விளமீன், சீலா,
தனித்தனிப் பத்தி, தனித்தனி விலை.
மற்றது சங்காயத்துக்கு.
அதில் பத்தி இல்லை. எடை மட்டும்.

மண்டபம் வடகடல் துறையில்
பதினோரு வருசமாய் எழுதுகிறேன்.
தூக்கி எறிய மனமில்லாத,
வாங்கித் தின்ன ஆளில்லாத மீனுக்கு
யார் வைத்த பெயரோ.
மண்வெட்டியால் அள்ளுவார்கள்.
கூடையில் விழுகையில்
ஈரச் சாம்பல் விழுகிற சத்தம்.

நாகவள்ளி குத்தவைத்துக் கிளறிப் பார்ப்பாள்.
"இது ஊளிக்குஞ்சு. இது பாறை.
இந்தா, உன் சுண்டுவிரல் நகமளவு நண்டு."
எல்லாம் சங்காயம்தானே என்பேன்.
"பிறக்கும்போதேவா?" என்பாள்.

ஒருநாள் ஒரு கடல்குதிரை, கண் மட்டும் உருண்டபடி.
முந்தானையில் முடிந்துகொண்டு போய்த்
தண்ணீரில் விட்டுவந்தாள்.
பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை.
எடையில் ஒன்றும் குறையவில்லை.

மூன்று நாள் மணல், மூன்று நாள் வெயில்.
நூறு கிலோ முப்பதாய்ச் சுண்டும்.
அப்புறம் நாமக்கல் லாரி.
ஓட்டுகிற சென்னியப்பனுக்கு வாடை ஆகாது,
மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு
தயிர்சாதம் அவிழ்ப்பார்,
ரோட்டுக்கு அந்தப் பக்கம், உடைமர நிழலில்.
"இந்த வண்டியில முட்டை ஏத்த மாட்டாங்கம்மா.
முட்டைக்கு வேற வண்டி."

அந்த வேற வண்டி
பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும்,
சுத்தமாக, கழுவித் துடைத்து.
என் மகள் ஷெரின் வெள்ளையைத் தின்றுவிட்டு
மஞ்சளைக் காகிதத்தில் மடித்துத்
தம்பிக்குக் கொண்டுவருவாள்.
அந்த மஞ்சளை நான் முகர்ந்து பார்த்திருக்கிறேன்.
கடல் வாடை இல்லை.

கரண்டு போன ஒரு ராத்திரி
நோட்டின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன்:
ஒரு முட்டைக்கு எத்தனை மீன்?
தீவனத்தில் கைப்பிடி கருவாட்டுத் தூள்,
மிச்சம் சோளம், சோயா என்றிருந்தார் சென்னியப்பன்.
சோளத்துக்குத் தண்ணீர் எந்த ஊர்க் கிணறு?
படகுக்கு டீசல் எத்தனை லிட்டர்,
ஐஸ் எத்தனை பார்,
லாரிக்கு எத்தனை மைல்,
மடி இழுத்துப் போன இடத்தில்
புல் மறுபடி முளைக்க எத்தனை வருசம்?
அட்டை தீர்ந்தது. கணக்குத் தீரவில்லை.

உச்சிப்புளிக்கு மேற்கே கொழுந்தனார் கொல்லையில்
பாசிப்பயறு போட்டதை நினைத்தேன்.
ஒரு மழை, ஒரு உழவு,
மயில் தின்றது போக அரை மூட்டை.
அது ஒரே வரியில் முடிந்தது.

முடிந்ததே என்று சந்தோசப்பட முடியாது.
மறுவருசம் மழை இல்லை. பயறும் இல்லை.
சங்காயம் வந்தது.
ஷெரினின் பீஸ் அதில்தான் கட்டினேன்,
வீட்டுக்காரரின் எஞ்சின் கடன் வட்டியும்.
எனக்கும் முட்டை பிடிக்கும்.
இதையெல்லாம் எழுதாமல் விட்டால்
நான் என்ன கணக்குப்பிள்ளை?

ஆனால் இதையும் எழுதியாக வேண்டும்:
பெயருள்ள மீன் நோட்டு
முன்பு ஒரு வருசத்துக்கு மூன்று வேண்டும்.
போன வருசம் ஒன்றே மிச்சப்பட்டது.
சங்காய நோட்டு
தடைக்காலம் முடிந்து நாலே மாதத்தில் நிரம்பிவிட்டது.
குஞ்சு இந்த நோட்டில் ஏறினால்
மீன் அந்த நோட்டுக்கு எங்கிருந்து வரும்?
முதலாளி ஜமால்தீன் அண்ணனிடம் கேட்டேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
புது நோட்டு வாங்கிக்கச் சொன்னார்.

வாங்கினேன். இந்தச் சனிக்கிழமை
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்,
பத்தி பத்தியாய்.
"சொல்லு வள்ளி."
சொன்னாள். எழுதினேன்.
காரல். நகரை. ஊளிக்குஞ்சு.
விலைப் பத்தியில் ஒன்றும் போடவில்லை.
ஏழாவதாக ஒரு பெயர் சொன்னாள்,
நான் கேட்டதே இல்லை.
சின்ன ர-வா, பெரிய ற-வா என்றேன்.
அவளுக்கு எழுத்துத் தெரியாது.
உள்ளங்கையில் அதை ஏந்தி
என் முகத்துக்கு நேரே நீட்டினாள்,
பார்த்து எழுதிக்கொள் என்பதுபோல.
லாரி ஹாரன் அடித்தது.