எண்ணெய் கூடின கலப்பற்று

கச்சான் அடிக்கிற ஆடியில்
மத்திய வீதித் தார் இளகி
செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.
கடைக்குள்ளும் அதே கதைதான்.
பெட்டிகளை மூடின டேப்பின் பசை
ஓரத்தால் வழிகிறது.
குங்கிலிய மூட்டையில் அடியில் கிடந்தவை
ஒன்றையொன்று கட்டிப்பிடித்து
ஒரே கல்லாகிவிட்டன,
உடைத்துத்தான் நிறுக்க வேண்டும்.
வெள்ளிக்கிழமைக்கு பத்திரகாளி கோயிலால் வருவார்கள்,
அரைக் கிலோ.
புகைக்குத்தானே, உருவம் எதற்கு.

வாசலில் ஒரு புள்ளிமான்
அட்டைப்பெட்டி தின்றுகொண்டு நின்றது.
அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்
பாலையூற்று வஸ்தியாம்பிள்ளை.

லேஞ்சி மடிப்புக்குள் ஒரு துண்டு.
வள்ளத்தின் விலாவிலிருந்து பலகையோடு பெயர்த்தது.
"தொட்டுப்போடாத" என்றார்.
பழுப்பேறிய கலப்பற்று, நடுவில்
பெருவிரல் அழுத்தின பள்ளம்,
வரி வரியாக.

"எமிலியான்ர விரல்.
எண்ணெய் கூடிப்போச்செண்டு ஏசினனான்,
இது இறுகாது, வள்ளம் ஒழுகுமெண்டு.
பாக்கத்தான் அமத்தினவன்.
தொண்ணூறாம் ஆண்டு, ஆனி."

அந்த ஆனியைப் பற்றி
இந்த ஊரில் ஒருவர் மற்றவருக்கு
மிச்சம் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு விசாரணையிலும் தம்பியின் படம் கேட்கிறார்கள்.
படம் தொங்கின சுவரே இல்லை.
வள்ளம் மட்டும் பற்றைக்குள் கவிழ்ந்தபடி
முப்பது வருடத்துக்கு மேல் கிடந்திருக்கிறது.
இந்த வெயிலுக்குத் துண்டின் ஓரம்
மினுங்கத் தொடங்கிவிட்டதாம்.
"உருகாமல் காக்க
உன்னட்ட ஏதும் இருக்கோ?"

இருபத்தாறு வருடமாகப் பிசின் விற்கிறேன்.
அன்றைக்குத்தான் தட்டுகளைப் பயத்தோடு பார்த்தேன்.
வார்னிஷ் பூசலாம்,
அதற்குள் இருக்கிற டர்பன்டைன்
குங்கிலியத்தைக் கரைத்துக் குடித்துவிடும்.
பைபர் வள்ளத்துப் பிசினுக்கு ஹாட்னர் விட்டால்
டின்னே கையைச் சுடும்,
இறுகுவதற்குள் எமிலியான் உருகிவிடுவான்.
எபொக்சி கொஞ்சம் பொறுமைசாலி.
அதுவும் சூடு சூடுதான்.
பெயின்ற்? மேலால் காயும், உள்ளால் இழுக்கும்,
சுருங்கும்போது வரிகளையும் கூட்டிக்கொண்டு போகும்.
சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார்,
நான் ஏதோ வைத்தியர் மாதிரி.

கடைசியில் கண்ணாடித் தொட்டி ஒட்டுகிற சிலிக்கோன்.
சூடாகாது, எண்ணெயில் ஒட்டவும் மனமில்லாதது.
சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் ஒற்றி
பள்ளத்துக்குள் மெல்லப் பிழிந்தேன்.
வினாகிரி நாற்றம்.
விடியும்வரை விடவேணும் என்றேன்.
தேத்தண்ணி வேண்டாம் என்றார்.
கடை பூட்டும்வரை கதிரையில் இருந்துவிட்டு
அதைப் பார்த்துப் பார்த்துப் போனார்.

காலையில் நான் வர முதல் வந்து நின்றார்.
உரித்தேன்.
பள்ளத்திலிருந்து மேடு வந்தது.
ஒரு பெருவிரல்,
பால் நிறம்,
அமத்தினால் அமர்ந்து
விட்டால் எழும்புகிற சதை.
சுழிக்குக் குறுக்கே சின்னதாய் ஒரு வெட்டு.

அவர் கனநேரம் பேசவில்லை.
"தூண்டில் கிழிச்சது," என்றார் பிறகு,
"நான்தான் கட்டினனான்.
மறந்தே போனன்."

கலப்பற்றைப் போத்தல் தண்ணீருக்குள் போட்டுவையுங்கோ,
குளிர்ச்சியான மூலையில், என்றேன்.
தண்ணீரைத் தடுக்கக் காய்ச்சினதுதான்,
வேறு வழி தெரியவில்லை.

ஆயிரத்து நூற்றைம்பது ரூபா.
வாங்கமாட்டேன் என்றேன்.
"அவன்ர செலவு, நான்தான் குடுக்கோணும்"
எண்ணி மேசையில் வைத்தார்.
ஒரு நோட்டு அவர் விரலோடு ஒட்டிக்கொண்டு
கொஞ்ச நேரம் வரவில்லை.

நேற்று மான் தின்ற அட்டை
வாசலில் கிடந்தது.
டேப் ஒட்டின இடம் மட்டும் மிச்சம்.