ஏழாவது உருளைக்கிழங்கு

காலை ஆறே முக்கால். ஜனவரி.
போலுங்கார்விக் துறைமுகத்தில்
நேற்றைய இரவே இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.
யாரோ என்னைக் கல்லில் அடித்துத் துவைத்து
பிழியாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் கால்விரல்களைக் கூப்பிடுகிறேன்.
பிறகு கணுக்கால், முழங்கால்,
வருகைப் பதிவு எடுப்பதுபோல்.
இடது தோள்
வந்திருக்கிறது. பதில்தான் சொல்லாது.

பதினாறு வருடம்
காட் மீனின் முள்ளிலிருந்து சதையைப் பிரித்தவள் நான்.
எங்கே தொட்டால் எங்கே விடும் என்று
கத்திக்கும் எனக்கும் தெரியும்.
என் உடம்பில் அந்தக் கோட்டை
டாக்டர் குனூர் இரண்டு வருடம் தேடினார்.
ரத்தம் சுத்தம். எலும்பு சுத்தம்.
எடுத்த படமெல்லாம் பளிச்.
"அப்போ உனக்கு ஒன்றுமில்லை" என்றாள்
பக்கத்து மேசை ஸ்டெய்னா,
சந்தோஷப்பட்டுத்தான்.

ஃபைப்ரோமயால்ஜியா.
பெயர் கிடைத்த அன்று
வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்து
பலமுறை சொல்லிப் பார்த்தேன்.
வலி குறையவில்லை.
நடிக்கிறேனோ என்று
என்னை நானே சந்தேகப்படுவது நின்றது.
அதுவும் அரை மாத்திரைக்குச் சமம்.

இரவு எட்டரைக்கு அமிட்ரிப்டிலின்,
பத்து மில்லிகிராம்.
ஓட்டைத் தூக்கத்துக்கு அடியில்
ஒரு பலகை அடித்துக் கொடுக்கிறது.
கூலியாக
விடிவதற்குள் நாக்கைக் கருவாடாக்கிவிடும்.
அதற்கு முன் தந்த இன்னொன்று
என்னைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்தது.
குனூர் அதைச் சிறுகச் சிறுகக் குறைத்தார்.
கடைசித் தையல் பிரிந்த அன்று
காப்பியின் வாசனை வந்தது.

செவ்வாயும் வெள்ளியும் வெந்நீர்க் குளம்.
கழுத்துவரை தண்ணீரில் மெல்ல நடை.
எழுபதைத் தாண்டியவர்கள்
வானிலை பேசிக்கொண்டே
என்னை முந்துகிறார்கள்.
எனக்கு நாற்பத்து மூன்று.

பிசியோதெரபிஸ்ட் சிந்த்ரியின் கணக்கு வேறு:
"முடியாதபோது நிற்பது நிற்பதல்ல, விழுவது.
இன்னும் முடியும் என்கிறபோதே கத்தியைக் கீழே வை.
ஆறு உருளைக்கிழங்கு. ஏழாவதைத் தொடாதே."
சிரித்துவிட்டேன்.
ஒரு ஷிஃப்டில் ஒரு படகைக் காலி செய்தவளிடம்
ஆறு உருளைக்கிழங்கு.

டிசம்பரில் ஒரு நாள் வந்தது.
கண் விழித்தேன், எதுவுமே வலிக்கவில்லை.
கடன்காரன் ஊரில் இல்லாத நாள் மாதிரி.
படிக்கட்டுப் பனியை வாரினேன்.
காரைத் தோண்டி எடுத்தேன்.
எதிர்வீட்டு வாசலையும், யாரும் கேட்காமலே.
இரண்டு தட்டு பிஸ்கட். திரைச்சீலைகள். அலமாரி.
பெர்குர் கடலிலிருந்து வந்தபோது
வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது,
நான் பாடிக்கொண்டிருந்தேன்.
அவன் முகத்தில் மட்டும்
ஏதோ இருண்டது.

அடுத்த நாலு நாள்
படுக்கைக்கு மேலே கூரையில் ஒரு விரிசல்,
அதன் கிளைகள் எல்லாம் எனக்குப் பாடம்.
போர்வையின் எடை பொறுக்கவில்லை.
பல் தேய்க்க நாற்காலி வேண்டியிருந்தது.
வட்டியோடு வந்திருந்தான் கடன்காரன்.

இன்று மாலை ஆறு முடிந்தது.
கத்தி கூர்மையாக இருக்கிறது.
கை சூடேறி, பழைய சரளத்தில்,
இன்னும் இருபது உரிக்கலாம் போல.
ஏழாவது தண்ணீருக்கடியில்
மண்ணோடு கிடக்கிறது.
வலியைவிடக் கஷ்டம் இது என்று
சொல்ல மாட்டேன்.
ஆனால் கஷ்டம்.

கத்தியை வைக்கிறேன்.

பெர்குர் எதுவும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறான்.
பாதிக் கிழங்கு தோலோடு போகிறது.
எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது, வேறு மாதிரி.
"மெல்லிசா" என்கிறேன்.
"நீ உட்காரு."
உட்கார்கிறேன்.

பானை கொதிக்கிறது.
ஏழும் வெந்து புரள்கின்றன,
ஒன்று மட்டும் சதுரமாக.