இடப்பக்கம் மூன்றாவது

ஞாயிறுதோறும் அப்பா ஒரு முயலை உரிப்பார்.
பின்னங்கால்களைப் பிடித்துக்கொள்வது என் வேலை.
சட்டை கழற்றுவதுபோல் தோல் வரும்,
ஒரே இழுப்பு.
மதியம் வீடெல்லாம் பூண்டும் பசலையும்.
அந்த விரல்கள்தான் இவை.

ராட்கா ஓஸ்லோவுக்குப் படிக்கப் போனாள்.
முயலை என்னிடம் விட்டாள், ஒரு பக்கக் குறிப்போடு:
காய்ந்த புல் எப்போதும். காரட் எப்போதாவது.
தூக்காதே, அவளுக்குப் பிடிக்காது.
வாரம் ஒருமுறை வயிற்றைத் தடவிப் பார்.

ஷிஷ்கா கருவுற்றதே இல்லை.
ஆனாலும் பிப்ரவரியில்
தன் மார்பு மயிரைப் பிய்த்து
சோபாவுக்கடியில் கூடு கட்டினாள்,
வராத குட்டிகளுக்கு.
இரண்டு நாள் காவல். பிறகு மறந்துபோனாள்.
மார்பு மறக்கவில்லை.

பிர்னோவின் பன்னிரண்டாம் எண் டிராமைக்
கொட்டகையில் விட்டு வந்து
தரையில் கால் நீட்டி எண்ணினேன்.
வலப்பக்கம் நான்கு.
இடப்பக்கம் ஒன்று, இரண்டு,
மூன்றாவதன் கீழே ஒரு பட்டாணி.
உருண்டது, விரலுக்குப் பிடிகொடாமல்.
ஈஸ்டருக்குள் செர்ரிப் பழம்.

"கர்ப்பப்பையிலும் இருக்கலாம்" என்றார் டாக்டர் குபீச்கோவா.
பதினோராயிரம் கொருனா என்றார்.
மேசைமேல் ஷிஷ்கா
மூச்சை மட்டும் அசைய விட்டிருந்தாள்.
கசாப்புக்கடையில் முயல் என்ன விலை
என்று எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரிந்திருக்கும்.
இருவருமே சொல்லவில்லை.

இரண்டையும் எடுத்தார்கள்.
மழித்த வயிற்றில் நீல நூல் தையல்,
டிப்போ சுவர் வரைபடத்தில்
என் தடம் ஓடுவதுபோல.

சிரிஞ்சில் கூழ், இரண்டு மணிக்கொருமுறை.
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
சாப்பிடாவிட்டால் குடல் நின்றுவிடும்,
புழுக்கை விழுகிறதா பாருங்கள் என்றிருந்தார்.
பார்த்தேன்.
ஐம்பத்தெட்டு வயதில்,
ஃபிரிட்ஜ் முனகும் சமையலறையில்,
ஒரு முயலின் பின்பக்கத்தையே.

நாலேகாலுக்கு
மிளகுபோல ஒன்று.
சற்று விட்டு இன்னும் இரண்டு, ஒட்டிக்கொண்டு.
உள்ளங்கையில் ஏந்தி விளக்கில் காட்டினேன்.
படமெடுத்து ஓஸ்லோவுக்கு அனுப்பினேன்.
உடனே நீல டிக்.
அவளும் தூங்கவில்லை.

ஆய்வகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.
இரவில் கையை அடியில் நுழைத்தால்
ஷிஷ்கா பல்லைக் கடிக்கிறாள், மெதுவாக.
வலித்தால் எப்படிக் கடிப்பாள்,
சுகமாயிருந்தால் எப்படி என்று
குறிப்பில் எழுதியிருந்தாள் ராட்கா.
ஒரு கையால்
அந்தத் தாளைத் தேடுகிறேன்.