கசிவுச் சோதனை

தொண்ணூறு டிகிரி வெந்நீரில்
இருபத்தெட்டு நாள் கிடந்தது
நான் சூளையில் சுட்டெடுத்த வட்டு.
சட்டைப் பொத்தான் அளவு, பழுப்பு மஞ்சள்.
லாந்தனம், பாஸ்பேட்,
புளூட்டோனியத்தின் நாற்காலியில்
அதற்குப் பதிலாக உட்காரும் சாதுவான சீரியம்.
நீரை அளந்தேன்.
'அளவுக்கு எட்டவில்லை' என்றது கருவி.
'இல்லை' என்று ஒருநாளும் அது சொல்லாது.
அப்படியே எழுதிவைத்தேன்.

ஈஸ்டர் லீவுக்கு நீரோடி.
எல்லைக்கு அந்தப் பக்கம் கல் போட்டிருக்கிறார்கள்,
அலை இந்தப் பக்கம் வந்துவிட்டது.
ததேயூஸ் அண்ணன் வீட்டில் இப்போது இரண்டு அறை.
மூன்றாவதில் கடல்.

கறுத்த மணலை உள்ளங்கையில் பரப்பி
தேன் நிறத் துணுக்கு ஒன்றைத் தேடினேன்.
ஐம்பது கோடி வருடம்.
மலை உடைந்தது, ஆறு உருட்டியது, உப்பு ஊறியது.
உள்ளே தோரியம் சிதையச் சிதைய
குலைந்த அடுக்கைத் தானே அடுக்கிக்கொண்டு
பிடித்ததை விடாமல் கிடக்கிறது.
நான் அதைப் பார்த்து எழுதுகிறவள்.

அண்ணனிடம் சொன்னேன்.
வலைப்பொத்தல் மேல் குனிந்தபடியே கேட்டான்:
"ஒனக்க கல்லு தண்ணில கரையாதெங்கி
அத வச்சி ஒரு செவரு கெட்டித் தாயேன்."
சிரித்தோம்.
ஒரு தடவைக்கு
இரண்டு கிராம்தான் சுடுவேன் என்பதை
அவனிடம் சொல்லவில்லை.
ராத்திரி முழுக்க
மூன்றாம் அறை சத்தம் போட்டது.

திங்கள்கிழமை லேப் வாசல் மானிட்டரில்
கால் வைத்ததும் கத்தியது.
இத்தனை வருடத்தில்
என் வட்டுகளுக்காக அது கத்தியதே இல்லை.
கழற்றச் சொன்னார்கள்.
செருப்பின் தையலுக்குள்
ஒரு சிட்டிகை நீரோடி.